ஆஸ்திரேலியாவில் குடியேறிய முதியோரின் தனிமையும் மனநலமும்

ஆஸ்திரேலியா 1951இல் இத்தாலியுடனும் 1952இல் கிரேக்கத்துடனும் குடியேற்ற ஒப்பந்தம் செய்தது. அக்காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். பனிமலை நீர்மின் திட்டத்திலும் (1949–1974) மெல்பர்ன் தொழிற்சாலைகளிலும் உழைத்த பலருக்கு வாய்த்தது வேலைக்குப் போதுமான ஆங்கிலம்தான். ஊர்க்கதை பேச அது போதாது. துணை இறந்து, காரோட்டுவதும் நின்றுவிட்டால் வாய்திறந்து பேச ஆளிருக்காது. பேரப்பிள்ளைக்கோ தாத்தாவின் மொழி வராது.

மறதிநோய் வந்தால், பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப் பிறந்த மொழி மிஞ்சுவதுண்டு. பராமரிப்பு இல்லத்தில் அத்தகைய முதியவர் தாய்மொழியில் தண்ணீர் கேட்பது கூட, அம்மொழி தெரியாத ஊழியருக்கு அடம்பிடிப்பதாகத் தோன்றலாம்.

மனச்சோர்வைக் கண்டறிவதும் எளிதல்ல. தூக்கமில்லை, பசியில்லை, நெஞ்சு கனக்கிறது என்று உடம்பின் மேல் வைத்தே முதியவர்கள் சொல்வார்கள். கிரேக்கர் இதை 'நேவ்ரா' என்பார்கள், அதாவது நரம்புகள். மனநோய் என்றால் குடும்பத்துக்கு இழுக்கு என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. மகனோ பேத்தியோ மொழிபெயர்க்க உட்கார்ந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும். கேட்டாலும் உண்மை வராது. 1973இல் தொடங்கிய அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையின் அருமை இங்கேதான் தெரியும்.

நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான தேர்வுகள் பள்ளிப்படிப்பையும் ஆங்கிலத்தையும் சார்ந்தவை. இக்குறையை மனதில் வைத்து சிட்னியில் உருவாகி 2004இல் வெளியானது 'ரூடாஸ்'. தேநீர், சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு ஆகிய நான்கையும் கடையில் வாங்க வேண்டும் என்று சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். எந்த நாட்டுப் பாட்டிக்கும் பழகிய பட்டியல்தான். 30க்கு 22 அல்லது அதற்குக் குறைவாக எடுத்தால் மேலும் பரிசோதனை தேவை.

பிந்தி வந்த பெற்றோரின் தனிமை வேறு வகை. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் தமிழர் உட்படப் பலர், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே வருகிறார்கள். குழந்தை பள்ளிக்குப் போனதும் பகல் வெறிச்சோடிவிடும். பொதுவாக முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு வசிப்பு வேண்டும் என்பதால், பேருந்துக் காசுக்கும் பிள்ளையின் கையை எதிர்பார்க்க நேரிடும். உழைத்துச் சம்பாதித்தவருக்கு அது தனிமையை விடக் கசப்பானது.

தாய்மொழி வானொலி 1975இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் தொடங்கியது. மெடிபாங்க் என்ற புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் குடியேறியவர்களுக்கு விளக்குவதற்காகப் பிறந்தது அது. விளக்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. சமையலறை மேசையில் வானொலி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.