கேக்குக்கு முன்னிருந்த மங்கலம்

சிறு குழந்தையின் பிறந்தநாளுக்கு மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் சாயம் கலந்த கிரீமும் சேர்ந்த கேக்கை விட்டால் உடம்புக்கு இதமானதாக வேறு என்ன செய்து வைக்கலாம் என்று இளந்தாய்மார் கவலையோடு விசாரிப்பதைக் கேட்கும்போதெல்லாம், அதற்காக அயல்நாட்டுச் சமையல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை, நம் வீட்டுச் சடங்குகளின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறந்தநாள் கொண்டாட்டமே மேலைநாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவாரும் உளர். தொல்காப்பியர் காலத்திலேயே அரசனுடைய பிறந்தநாள் பெருமங்கலமாகப் பாடப்பட்டது. அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை அணிந்ததால் அது வெள்ளணி நாள் என்றும் வழங்கிற்று. சோழர் காலத்தில் முதலாம் இராஜராஜனின் சதய நட்சத்திரத்தன்று தஞ்சைப் பெரிய கோயிலில் விழா நடந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால் அவை அரசர்க்குரியவை. வீட்டுக் குழந்தைக்கு என்ன செய்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

வர்த்தாபனம் என்ற பெயரால் தர்மசாஸ்திரத் தொகுப்பு நூல்கள் விதிக்கும் பிறந்தநாள் சடங்கில், எள் கலந்த நீரில் நீராடிப் புத்தாடை உடுத்தி, குலதெய்வத்தையும் ஜன்ம நட்சத்திரத்தையும் மார்க்கண்டேயரையும், அசுவத்தாமன் முதலான ஏழு சிரஞ்சீவிகளையும் வழிபட்டு, குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குத் தயிர்ச்சோறு நிவேதித்தபின், எள்ளும் வெல்லமும் கலந்த பாலை ஆயுள் விருத்திக்காகப் பருக வேண்டும். எவ்வளவு? அரை அஞ்சலி, அதாவது இரு கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளுமளவில் பாதி. பதார்த்தத்தைச் சொன்னதோடு நில்லாமல் அதன் பிரமாணத்தையும் சொல்லிவைத்த அந்தக் கவனத்தை நான் மிகவும் போற்றுகிறேன். சிறுவர் விருந்துகளில் இன்று நாம் இழந்திருப்பது பெரும்பாலும் அந்த அளவையே.

இச்சடங்கு நூலறிந்தோர் வீடுகளுக்கு உரியது. ஏனையோர் வீடுகளிலோ குழந்தையின் வளர்ச்சி ஆண்டுக்கணக்கால் மட்டும் அளக்கப்படாமல், காப்பிடுதல், முதற்பல் முளைத்தல், காது குத்துதல் என்று படிப்படியாக நிகழும் வைபவங்களால் அளக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பண்டம் இருந்தது. காப்பிடும் நாளில் அரிசியும் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் தேங்காயும் கூடிய காப்பரிசியை ஊரார்க்கு வழங்குவது தமிழகத்தில் இன்றும் காணும் வழக்கம்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது யாழ்ப்பாணத்தார் பேணிவரும் பல்லுக்கொழுக்கட்டை. பாசிப்பயறை வறுத்துக் கோது நீக்கி அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உள்ளீடு செய்வார்கள். அங்கே சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளைச் சீனியன்று. வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உள்ளங்கையளவு வட்டமாகத் தட்டி, உள்ளீட்டை நடுவே வைத்து இரண்டாக மடித்து, விளிம்பை விரல் நுனியால் சிறிது சிறிதாக நெரித்து மடிக்கும்போது, அது வரிசைப் பற்களைப் போலவே அமைந்துவிடும். சிலர் தேங்காய்ச் சொட்டுகளையும் பல்லாகப் பதிப்பதுண்டு. ஆவியில் அவித்தெடுத்த பின், முதற்பல் கண்ட குழந்தையை நடுவீட்டில் இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, மாமி முறையான ஒருவர் அக்கொழுக்கட்டைகளை மெல்லத் தலைமேல் சொரிவார். எதிரே பரப்பிய புத்தகம், பேனா, நகை முதலியவற்றில் குழந்தை எதைத் தொடுகிறது என்று சுற்றத்தார் ஆவலோடு பார்த்திருப்பார்கள். கொழுக்கட்டையைத் தின்பவர் வந்தவர்களே. விழா நாயகனான குழந்தைக்குக் கிட்டுவது ஒரு சிறு விள்ளல்தான்.

கேக் வந்த கதை நீண்டதன்று. ஜெர்மானியர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினர். இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் 1843இல் பேக்கிங் பவுடரை ஆக்கிய பிறகு மாவை உப்பச் செய்வது எளிதாயிற்று. தென்னாட்டில் தலசேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாபு, மர்டக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் தந்த மாதிரியைச் சுவைத்து 1883இல் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பதும், அதில் கதலிப்பழமும் உள்ளூர் மதுவும் சேர்ந்தன என்பதும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. பிறகு ஆங்கிலத் தேதி ஜன்ம நட்சத்திரத்தின் இடத்தைப் பிடித்தபோது, பாயசத்தின் இடத்தைக் கேக் பிடித்தது.

பழமை என்பதற்காகவே ஒன்றைப் புகழ்வது என் கருத்தன்று. வெல்லமும் சர்க்கரை இனமே. சேர்க்கும் இனிப்பு நாளின் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வரம்பு வெல்லத்துக்கும் தேனுக்கும் பொருந்தும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஆயினும் 100 கிராம் பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. ஆவியில் வேகும் பண்டத்துக்கு வெண்ணெயோ பொரிக்கும் எண்ணெயோ வேண்டியதில்லை. பயற்றோடும் தேங்காயோடும் சேர்ந்து வரும்போது இனிப்பு சிறிதளவே போதும்.

டொரன்டோவிலும் லண்டனிலும் குடியேறிய ஈழத்தமிழர் பல்லுக்கொழுக்கட்டையை இன்றும் விடாமல் அவிக்கிறார்கள். முதற்பல்லுக்கு அடுப்பேற்றிய அதே பாத்திரத்தை ஆண்டு நிறைவுக்கும் ஏற்றலாம். மாவும் பயறும் தேங்காய்ப்பூவும் அப்படியே இருக்க, இளந்தாய்மார் வெல்லத்தைப் பாதியாக்கி, மிகுதிக்குக் கனிந்த கதலியை மசித்துச் சேர்க்கட்டும். தொண்டையில் சிக்கக்கூடிய தேங்காய்ச் சொட்டை மாத்திரம் சிறு குழந்தைக்குத் தவிர்க்கட்டும்.