அழுத்தம் விழுந்த இடம்

இத்தாலியப் பாடநூல்களில் எனக்குப் பிடிக்காத சொல் 'ஒழுங்கற்ற வினைகள்'. 'வருதல்' என்ற வினையையே பாருங்கள். வெங்கோ (வருகிறேன்), வியேனி (வருகிறாய்), வியேனே (வருகிறாள்), வெனியாமோ (வருகிறோம்). மனப்பாடம் பண்ணு, வேற வழியில்லை என்கிறது புத்தகம். வழி இருக்கிறது, லத்தீன் வரைக்கும் போகணும், அவ்வளவுதான்.

லத்தீனில் இந்த வினையின் முதல் உயிர் குறில் எகரம். பேச்சு லத்தீன் இத்தாலியமாக மாறிய நூற்றாண்டுகளில், அந்த எகரத்தின் மேல் அழுத்தம் விழுந்து, அசையும் மெய்யில் அடைபடாமல் உயிரிலேயே முடிந்தால், அது 'இயே' என்று விரிந்தது. வியே-னே: இரண்டும் பொருந்துகிறது, விரிந்துவிட்டது. வெங்-கோ: அழுத்தம் உண்டு, ஆனால் 'ங்' கதவைச் சாத்திவிட்டது. வெ-னியா-மோ: கதவு திறந்திருக்கிறது, அழுத்தம்தான் அடுத்த அசைக்குப் போய்விட்டது. என் தொழிலில் இதை ஒரே வரி நிபந்தனையாக எழுதிவிடலாம். ஒகரத்துக்கும் இதே கதைதான்: முவோரே (சாகிறான்), மொரியாமோ (சாகிறோம்).

இதையெல்லாம் செய்தவர்கள் இலக்கண ஆசிரியர்கள் இல்லை. அவர்கள் பழைய லத்தீனையே எழுதிக்கொண்டிருந்தார்கள். மாற்றியது எழுதத் தெரியாத ஜனங்களின் வாய். அவர்கள் பேசியது ஏட்டில் ஏறவில்லை, வினைமுற்றுகளில் தங்கிவிட்டது.

எதிர்காலம் இன்னும் சுவாரசியம். லத்தீனின் பழைய எதிர்கால வடிவத்தைக் கைவிட்டு, 'வர' என்பதோடு 'உடையேன்' என்பதைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். வெனிரே, ஓ. இரண்டும் ஒட்டிக்கொண்டபோது அழுத்தம் பின்சொல்லில் நின்றது. அழுத்தமில்லாத இகரம் தேய்ந்து, 'ன்ர்' என்பது 'ர்ர்' ஆகி, வெர்ரோ (வருவேன்) பிறந்தது. கடைசி அசையை ஓங்கிச் சொல்வது அதனால்தான்.

இப்படி ஒட்டிய எதிர்காலத்தின் மிகப் பழைய எழுத்துச் சாட்சிகளில் ஒன்று இத்தாலியில் இல்லை. பிராங்குகளின் நாட்டில், 7ஆம் நூற்றாண்டு ஃப்ரெதெகார் வரலாற்றேட்டில் இருக்கிறது. பாரசீக அரசன் 'தரமாட்டேன்' என்று இலக்கண சுத்தமாகச் சொல்ல, பேரரசர் ஜஸ்டினியன் 'தாராஸ்' (தருவாய்) என்கிறார். தாரா நகரத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தானாம். சும்மா கதை. ஜஸ்டினியனுக்கு முன்பே, அனஸ்தாசியுஸ் ஆட்சியில் கட்டிய ஊர் அது. ஆனால் கதைக்குள் மாட்டியிருக்கும் வினைமுற்று நிஜம்.

லத்தீனில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையைத் தாண்டிப் பின்னால் போகாது. இத்தாலியப் பன்மை வினைகளுக்குப் பிற்பாடு ஓர் ஓகார வால் முளைத்தது, அழுத்தமோ இருந்த இடத்திலேயே இருந்தது. தொலைபேசி வந்த பிறகு பிறந்த வினைக்கும் அதே வால்தான். தெ-லே-ஃபொ-ன-னோ, 'அவர்கள் தொலைபேசுகிறார்கள்'. அழுத்தம் 'லே'யில். எண்ணிப் பாருங்கள், கடைசியிலிருந்து நான்காவது.