டோங்கா ரக்பி லீக் அணி: சர்வதேச ஆட்டங்களின் வரலாறும் பதிவுகளும்

தென் பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளைக் கொண்ட முடியாட்சி நாடு டோங்கா. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். இவ்வளவு சிறிய நாட்டின் ரக்பி லீக் அணி, இந்த விளையாட்டின் மூன்று வல்லரசுகளான ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகியவற்றுக்கு ஈடுகொடுத்து ஆடும் நிலைக்கு உயர்ந்துள்ளது. 2017 முதல் 2024 வரையிலான ஆண்டுகளில் அந்த அணி நியூசிலாந்தை இருமுறையும், ஆஸ்திரேலியாவையும் கிரேட் பிரிட்டனையும் தலா ஒருமுறையும் வென்றிருக்கிறது. அந்த அணியின் சர்வதேச ஆட்ட வரலாறு, 2024-ஆம் ஆண்டு முடிய, இங்கே தொகுத்துத் தரப்படுகிறது.

ரக்பி லீக் என்றால் என்ன?

இந்திய ரசிகர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பது 15 பேர் ஆடும் ரக்பி யூனியனும், ஒலிம்பிக்கில் இடம்பெறும் எழுவர் ரக்பியும்தான். ரக்பி லீக் அவற்றிலிருந்து வேறுபட்டது. 1895-இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள், வேலைக்குச் செல்லாமல் ஆட வரும் வீரர்களுக்கு இழப்பீடு தருவது குறித்த பிணக்கில் தாய் அமைப்பிலிருந்து பிரிந்தபோது இதன் வரலாறு தொடங்கியது.

இதில் அணிக்கு 13 வீரர்கள். பந்தை வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது 'டிரை' எனப்படும்; அதற்கு 4 புள்ளிகள். அதைத் தொடர்ந்து அடிக்கப்படும் கோலுக்கும் பெனால்டி கோலுக்கும் தலா 2 புள்ளிகள். ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தும் 'டிராப் கோல்' 1 புள்ளி தரும். டோங்காவின் வரலாற்றில் இந்த ஒற்றைப் புள்ளி ஒருமுறை தோல்வியையும் ஒருமுறை வெற்றியையும் தந்திருக்கிறது.

தொடக்க காலம்

டோங்கா அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1986-இல் பசிபிக் கோப்பைத் தொடரில் ஆடியது. அணியின் பெயர் 'மாட்டே மா டோங்கா'. 'டோங்காவுக்காக உயிர் துறப்போம்' என்பது அதன் பொருள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பாக வீரர்கள் 'சிப்பி டாவ்' என்னும் போர் நடனத்தை ஆடுவது வழக்கம்.

1995-இல் இங்கிலாந்தில் நடைபெற்ற உலகக் கோப்பையில் டோங்கா முதன்முறையாகக் களமிறங்கியது. வாரிங்டன் நகரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்துக்கு அதிர்ச்சி அளிக்கும் நிலைக்கு அந்த அணி வந்தது. முன்னிலையில் இருந்த டோங்காவை இறுதிக் கட்டத்தில் எட்டிப்பிடித்த நியூசிலாந்து, மேத்யூ ரிட்ஜ் அடித்த டிராப் கோலால் 25-24 என்ற கணக்கில் தப்பித்தது. அடுத்து பப்புவா நியூ கினியாவுடனான ஆட்டம் 28-28 எனச் சமனில் முடிந்தது. டோங்கா குழுச் சுற்றோடு வெளியேறியது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே நியூசிலாந்திடம் 74-0 எனத் தோற்றது. ஆக்லாந்தில் 1999-இல் நிகழ்ந்த அந்தத் தோல்வியே டோங்காவின் மிகப் பெரிய தோல்வியாகும்.

2000 உலகக் கோப்பையில் தென் ஆப்பிரிக்காவை 66-18 என வென்றாலும், பிரான்சிடமும் பப்புவா நியூ கினியாவிடமும் தோற்றது. 2008-இல் அயர்லாந்திடம் 22-20 என்றும், சமோவாவிடம் 20-12 என்றும் தோல்வியடைந்து அரையிறுதி வாய்ப்பை இழந்தது. 2013-இல் ஸ்காட்லாந்திடம் 26-24 என வீழ்ந்தது. பின்னர் குக் தீவுகளை 22-16 என்றும், இத்தாலியை 16-0 என்றும் வென்றது. எனினும் காலிறுதிக்குத் தகுதி பெறவில்லை. ஆக, முதல் நான்கு உலகக் கோப்பைகளிலும் டோங்கா குழுச் சுற்றைத் தாண்டியதில்லை.

திருப்புமுனையான 2017

டோங்கா வம்சாவளியைச் சேர்ந்த திறமையான வீரர்களுக்கு எக்காலத்திலும் குறைவில்லை. ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிறந்து வளர்ந்த அவர்களில் பலர் நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஆடினர். பெரிய அணிகள் தரும் ஊதியமும் வாய்ப்புகளும் அதற்குக் காரணம். மிஞ்சியவர்களைக் கொண்டே டோங்கா அணி அமைந்து வந்தது.

2017 உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன் இந்நிலை மாறியது. நியூசிலாந்தின் முன்னணி வீரரும், ஆஸ்திரேலிய லீக்கின் உயரிய 'டாலி எம்' பதக்கத்தை 2016-இல் பகிர்ந்துகொண்டவருமான ஜேசன் டௌமலோலோ, இனி டோங்காவுக்கே ஆடுவதாக அறிவித்தார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவும் அதே முடிவை எடுத்தார். பெரிய அணிகளின் ஊதியத்தைத் துறந்து பெற்றோரின் நாட்டுக்கு ஆட வந்த அவர்களின் செயல், விளையாட்டு உலகில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

விதிமுறையும் அதற்கு இடமளித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றும் முதல்தர நாடுகளாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. முதல்தர நாடு ஒன்றுக்கு ஆடிய வீரர், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வழியே தகுதி இருந்தால், இரண்டாம்தர நாடு ஒன்றுக்கு மாறி ஆடலாம்; ஆனால் ஒரே தொடரின் நடுவில் மாற முடியாது.

2017 உலகக் கோப்பையில் டோங்காவின் முடிவுகள்:

• ஸ்காட்லாந்துக்கு எதிராக 50-4 வெற்றி (கெய்ர்ன்ஸ்)
• சமோவாவுக்கு எதிராக 32-18 வெற்றி (ஹாமில்டன்)
• நியூசிலாந்துக்கு எதிராக 28-22 வெற்றி (ஹாமில்டன்)
• காலிறுதி: லெபனானுக்கு எதிராக 24-22 வெற்றி (கிறைஸ்ட்சர்ச்)
• அரையிறுதி: இங்கிலாந்திடம் 20-18 தோல்வி (ஆக்லாந்து)

நவம்பர் 11 அன்று நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் டோங்கா 16-2 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மீண்டெழுந்து வென்ற அந்த ஆட்டத்தில் டேவிட் ஃபுசிட்டுவா மூன்று டிரைகளை அடித்தார்.

அரையிறுதி இன்றளவும் பேசப்படும் ஆட்டம். சுமார் 30,000 பார்வையாளர்கள் முன்னிலையில் இங்கிலாந்து, ஆட்டம் முடிய ஏழு நிமிடங்களே இருந்தபோது 20-0 என முன்னிலை வகித்தது. அந்த ஏழு நிமிடங்களில் டோங்கா மூன்று டிரைகளை அடித்து 18 புள்ளிகளைக் குவித்தது. கடைசி நொடிகளில் எல்லைக் கோட்டை நோக்கிப் பாய்ந்த ஃபிஃபிட்டாவின் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணி வீரர் பந்தைத் தட்டிப் பறித்தாரா, தானாகவே நழுவியதா என்ற கேள்வி எழுந்தது. காணொளி நடுவரிடம் பரிந்துரைக்காமலேயே கள நடுவர் டோங்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். இங்கிலாந்து இறுதிக்குச் சென்று ஆஸ்திரேலியாவிடம் 6-0 எனத் தோற்றது.

பெயர் மாறிய அணி, மாறாத வெற்றி

2018 அக்டோபரில் ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவும் டோங்காவும் முதன்முறையாக மோதின. ஆஸ்திரேலியா 34-16 என வென்றது. 2019 ஜூனில் நியூசிலாந்து 34-14 எனப் பழிதீர்த்தது.

அதே ஆண்டில் நிர்வாகச் சிக்கலும் முற்றியது. 2014 முதல் அணியை வளர்த்தெடுத்த பயிற்சியாளர் கிறிஸ்டியன் வூல்ஃபை டோங்கா தேசிய ரக்பி லீக் அமைப்பு நீக்கியது. வீரர்கள் பயிற்சியாளரின் பக்கம் நின்றனர். சர்வதேச அமைப்பு தலையிட்டு, டோங்கா அமைப்பின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. இதனால் 2019 அக்டோபர், நவம்பர் மாத ஆட்டங்களில் வீரர்கள் 'டோங்கா இன்விட்டேஷனல்' என்ற பெயரில் வூல்ஃபின் தலைமையிலேயே களமிறங்கினர்.

அக்டோபர் 26 அன்று ஹாமில்டனில் கிரேட் பிரிட்டனை 14-6 என அந்த அணி வென்றது. 2007-க்குப் பிறகு கிரேட் பிரிட்டன் ஆடிய முதல் ஆட்டம் அது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 2 அன்று, ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை 16-12 என வீழ்த்தியது. நியூசிலாந்து, இங்கிலாந்து, கிரேட் பிரிட்டன் ஆகியவை அல்லாத வேறோர் அணியிடம் ஆஸ்திரேலியா தோற்றது, 1978-இல் பிரான்சிடம் வீழ்ந்த பிறகு அதுவே முதல் முறை.

டோங்காவின் பதிவுகளைத் தேடுவோர் இவ்விடத்தில் கவனம் கொள்ள வேண்டும். நாட்டின் மிகப் பெரிய இரு வெற்றிகளும், பெயரளவில், தேசிய அணியின் பெயரில் பதிவாகவில்லை. ஆடியவர்கள் அதே வீரர்கள், அணிந்தது அதே சிவப்புச் சீருடை, பயிற்சியாளரும் அவரே. எனவே இவ்விரு ஆட்டங்களையும் டோங்காவின் வரலாற்றோடு சேர்த்தே ரசிகர்கள் எண்ணுகின்றனர். பழைய நிர்வாக அமைப்பு 2020-இல் சர்வதேச அமைப்பிலிருந்து நீக்கப்பட்டது.

2022 முதல் 2024 வரை

வெற்றியின் சூட்டோடு அடுத்த ஆட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பு டோங்காவுக்குக் கிட்டவில்லை. கொரோனா பெருந்தொற்றால் 2019 நவம்பருக்குப் பிறகு 2022 ஜூன் வரை அந்த அணி ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. மீண்டும் களமிறங்கிய ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 26-6 எனத் தோற்றது.

ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு 2022-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் பப்புவா நியூ கினியாவை 24-18, வேல்ஸை 32-6, குக் தீவுகளை 92-10 என வென்று டோங்கா தன் குழுவில் முதலிடம் பிடித்தது. இவற்றுள் 92-10 என்பதே அணியின் மிகப் பெரிய வெற்றி. காலிறுதியில் அண்டை நாடான சமோவாவிடம் 20-18 என வீழ்ந்தது. அந்த சமோவா இறுதிப் போட்டி வரை முன்னேறியது.

2023-இல் இங்கிலாந்தில் மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரில் 22-18, 14-4, 26-4 என மூன்றிலும் டோங்கா தோற்றது. இங்கிலாந்தை வெல்வது இன்னும் நிறைவேறாத இலக்காகவே உள்ளது.

2024 பசிபிக் சாம்பியன்ஷிப் தொடரை ஆஸ்திரேலியாவிடம் 18-0 என்ற தோல்வியுடன் தொடங்கிய டோங்கா, ஆக்லாந்தில் நியூசிலாந்தை 25-24 என வென்று இறுதிக்குள் நுழைந்தது. வெற்றிப் புள்ளியைத் தந்தது இளம் வீரர் இசையா கட்டோவா அடித்த டிராப் கோல். 1995-இல் நியூசிலாந்திடம் இழந்த அதே புள்ளிக் கணக்கு, 29 ஆண்டுகளுக்குப் பிறகு டோங்காவின் பக்கம் திரும்பியது. சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 20-14 என வென்றது.

ஆஸ்திரேலியாவுடனான கணக்கு (2024 முடிய)

ஆட்டங்கள் 4; வெற்றி 1; தோல்வி 3.

• 2018: 16-34 தோல்வி
• 2019: 16-12 வெற்றி
• 2024: 0-18 தோல்வி
• 2024 இறுதி: 14-20 தோல்வி

எண்கள் சொல்வது என்ன?

டோங்காவின் வரலாற்றில் தோல்விகளை விடவும் கவனத்தை ஈர்ப்பது ஆட்டங்களின் பற்றாக்குறை. 1986-இல் ஆடத் தொடங்கிய அணி ஆஸ்திரேலியாவை முதன்முறை சந்திக்க 32 ஆண்டுகள் காத்திருந்தது. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் சொந்த மண்ணில் நடப்பதில்லை. டோங்கா மக்கள் திரளாக வாழும் ஆக்லாந்தே அந்த அணியின் சொந்த மைதானம் போல் விளங்குகிறது. எந்த அணியுடன், எப்போது, எங்கே ஆடுவது என்பதைப் பெரும்பாலும் பெரிய நாடுகளின் கால அட்டவணையே முடிவு செய்கிறது.

2022 உலகக் கோப்பையின் காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளும் 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற்றன. டோங்காவும் அவற்றுள் ஒன்று. இரு உலகக் கோப்பைகளில் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வெளியேறிய அந்த அணிக்கு, அரையிறுதியைத் தாண்டுவதே எஞ்சியிருக்கும் கேள்வி.