ஜப்பானியக் கோட்டைகள்

ஜப்பான் தேசத்தில் சாமுராய் எனப்படும் போர்வீரர் வகுப்பினர் அதிகாரம் செலுத்திய நூற்றாண்டுகளில் எழுந்த அரண்கள் பொதுவாக இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. சரிந்தெழும் கல்தளத்தின்மேல் மரத்தாலும் மண்ணாலும் கட்டப்பெற்று, அடுக்குக்கு அடுக்கு வளைந்த ஓட்டுக்கூரை தாங்கி நிற்கும் நடுக்கோபுரமே கோட்டை என்றவுடன் இன்று மனக்கண்முன் தோன்றுவது. அதனை அந்நாட்டார் தென்ஷு என்பர். ஆயினும் அகழிகளும் மதில்களும், திரும்பித் திரும்பிச் செல்லும் வழிகளும், வாயில்களும், பண்டகசாலைகளும், பிரபுவின் மாளிகையும் சேர்ந்ததே கோட்டை. பிரபுக்கள் பெரும்பாலும் மாளிகையிலேயே வசித்தனர். கோபுரமோ ஆயுதங்களையும் தானியத்தையும் வைக்கும் களஞ்சியமாகவும், குடிகளுக்கு அதிகாரத்தைக் காட்டும் சின்னமாகவுமே பெரிதும் பயன்பட்டது. அரண் கட்டும் வழக்கம் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடையதாயினும், பெருங்கோபுரங்களுட் பெரும்பாலானவை 1576 முதல் 1615 வரையுள்ள ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் எழுந்தவை.

மிகப் பழைய காலத்தைப் பற்றிய செய்திகள் சொற்பமே. கியூஷு தீவிலுள்ள யோஷினோகாரி என்னுமிடத்து அகழாய்வில், அகழியும் மரவேலியும் காவற்பரணும் சூழ்ந்த தொல்குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டுள்ளது. 663-ஆம் ஆண்டில் கொரியக் கரையில் சீனப் படையிடமும், கொரிய அரசுகளுள் ஒன்றான சில்லாவின் படையிடமும் தோல்வியுற்ற ஜப்பானிய அரசு, எதிரி கடல் கடந்து வருவான் என்று அஞ்சி, மறு ஆண்டே மிசுக்கி என்னும் நெடிய மண்கரையையும், அதற்கடுத்த ஆண்டில் ஓனோ மலையரணையும் எடுப்பித்தது. நாடிழந்து வந்த, பெக்சே என்னும் கொரிய அரசின் அகதிகளுடைய தொழிலறிவு இதற்குத் துணைநின்றது என்பர். அவ்வெதிரி வரவேயில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் மெய்யாகவே வந்தபோது, 1274-இல் நேர்ந்த முதற் படையெடுப்புக்குப் பின் ஹக்காட்டா விரிகுடாவை ஒட்டி நெடுங்கற்சுவர் ஒன்று கட்டப்பெற்றது.

14-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுக் கலகங்களில் மலையரண் புதிய மதிப்புப் பெற்றது. சக்கரவர்த்தியின் பக்கம் நின்ற குசுனோக்கி மசஷிகே என்பவர் 1333-இல் சிஹாயா என்னும் மலைக்கோட்டையில் சிறுபடையுடன் இருந்துகொண்டு பெருஞ்சேனையை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியதை தைஹெய்க்கி என்னும் போர்க்காவியம் விரித்துரைக்கின்றது. வைக்கோலால் பொம்மைகள் செய்து கவசம் அணிவித்து மதிலடியில் நிறுத்தி, பகைவரை அருகே வரவழைத்துக் கல்லுருட்டிக் கொன்றார் என்பது அதிலுள்ள சுவைமிக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று. முற்றுகையிட்டோர் தொகையாக அந்நூல் கூறுவதைச் சரித்திராசிரியர் எவரும் அவ்வாறே ஏற்பதில்லை.

1467 முதல் 1477 வரை கியோட்டோ நகரை அழித்த ஓனின் யுத்தத்துக்குப் பின் நாடு முழுவதும் சிறு பிரபுக்களின் களமாயிற்று. அந்நூற்றாண்டில் தோன்றிய மலையரண்கள் பல்லாயிரம். குன்றின் முதுகை வெட்டி இடைப்பள்ளம் செய்தும், சரிவைச் செங்குத்தாகச் செதுக்கியும், உச்சியைத் தட்டையாக்கி மரவேலியிட்டும் அமைத்த இவற்றில், அமைதிக் காலத்தில் பொதுவாக எவரும் வசிப்பதில்லை. உவெசுகி கென்ஷினின் கசுகயாமா, அசாய் குலத்தாரின் ஓடானி முதலியவை பெயர் பெற்றவை. மற்றவை இன்று காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன.

கோட்டைக் கலையின் போக்கை மாற்றிய காரணங்கள் இரண்டு: 1543-இல் போர்த்துக்கீசியர் மூலம் தானெகஷிமா தீவை அடைந்த துப்பாக்கி ஒன்று, பல நாடுகளை ஒரு குடைக்கீழ்க் கொணர முயன்ற ஓடா நொபுனாகாவின் பேரவா மற்றொன்று. அவர் 1576-இல் பிவா ஏரிக்கரைக் குன்றொன்றில் அஸுச்சிக் கோட்டையைத் தொடங்கினார். நிவா நாகஹிடே மேற்பார்வை பார்த்தார். 1579-இல் நடுக்கோபுரம் முடிவுற்றது. உட்சுவர்களிலும் மடிதடுப்புகளிலும் கானோ எயிடோக்கு என்னும் ஓவியர் பொன்னும் வண்ணமும் கொண்டு சித்திரம் தீட்டினார். நொபுனாகாவின் சரித்திரத்தை எழுதிய ஓட்டா கியூயிச்சியும், அங்கே நேரிற் சென்ற லூயிஸ் ஃப்ரோயிஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியாரும் அதன் சிறப்பை வருணித்துள்ளனர். பாம்புக்கல் எனப் பெயர் கொண்ட ஒரு பெரும்பாறையைக் குன்றின்மேல் ஏற்ற ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் இழுத்த செய்தியும் அவ்வேடுகளில் உண்டு. அத்தனை பாடுபட்டு ஏற்றிய அக்கல் எதுவென்று இன்றளவும் அக்குன்றில் அடையாளம் காணப்படவில்லை.

1582-இல் கியோட்டோவின் ஹொன்னோ ஆலயத்தில் நொபுனாகா தம் சேனாதிபதி அக்கெச்சியால் வஞ்சிக்கப்பட்டு மாண்டார். சில நாட்களுள் அஸுச்சியும் எரிந்தது. தீயிட்டவர் அக்கெச்சியின் ஆட்கள் என்பர் சிலர். நொபுனாகாவின் மகன் நொபுகட்சுவே என்பர் சிலர். கொள்ளையர் என்பாரும் உளர். கோபுரத்தின் நடுவே அடித்தளம் முதல் மேலடுக்குகள் வரை திறந்த வெளி இருந்ததெனக் கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் ஒரு சாரார் வாதிப்பதையும் மற்றொரு சாரார் ஏற்பதில்லை. இவ்வழக்கைத் தீர்க்கக்கூடிய சான்று ஒன்று இருந்தது: அக்கோட்டையைத் தீட்டிய மடிதடுப்புகள், ஜப்பானியக் கிறிஸ்தவ இளைஞர் தூதுக்குழு வழியாக ரோமாபுரிக்குச் சென்று 1585-இல் போப்பாண்டவரிடம் சேர்க்கப்பட்டன. அவற்றைத் தேடியவர் பலர், கண்டவர் இலர்.

அஸுச்சியின் மதில்களில் பணியாற்றியவராகக் கூறப்படும் ஓமி நாட்டு அனோ ஊர்க் கல்தச்சர்கள் பிற்காலத்தில் நாடெங்கும் அழைக்கப்பட்டனர். அவர்தம் மதில்களிற் கற்களுக்கிடையே சாந்து இல்லை. தொடக்கத்தில் செதுக்காத கற்களையும், பின்னர் முகம் தட்டிய கற்களையும், இறுதியில் இடைவெளியின்றிப் பொருந்தச் செதுக்கிய கற்களையும் அடுக்கினர். முகக்கற்களின் பின்புறம் சிறுகற்களைத் திணித்தமையால் மழைநீர் தேங்காது வடிந்தது. நில நடுக்கத்தில் மதில் சற்று அசைந்து கொடுத்தது. மூலைகளில் நீண்ட கற்களை ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாக மாற்றி மாற்றிக் கோத்துப் பலப்படுத்தினர். அடியில் சாய்வாகத் தொடங்கி உச்சியில் செங்குத்தாகும் மதில்களுக்குக் கத்தோ கியோமசா 1607-இல் முடித்த குமமோட்டோக் கோட்டை தலைசிறந்த உதாரணம். ஏறத் தொடங்குபவன் எளிதென்று எண்ணிப் பாதி தூரம் சென்றபின், மேலேயும் செல்லவியலாது கீழேயும் இறங்கவியலாது தவிப்பான்.

நொபுனாகாவின் இடத்துக்கு வந்த டோயோடோமி ஹிடெயோஷி 1583-இல் ஓசாக்காக் கோட்டையைத் தொடங்கினார். அவர் குலத்தை 1615-இல் அழித்த, படைத்தலைமை ஆட்சியாளரான டோக்குகாவா ஷோகன்கள் அதனை மண்ணிட்டு மூடி, அதன்மேல் தம் கோட்டையைக் கட்டினர். ஹிடெயோஷியின் மதில் நிலத்தடியில் இருப்பது 1959-இல்தான் தெரியவந்தது. டோக்குகாவா காலத்து மதிற்கற்களில், அவற்றைக் கொணர்ந்த பிரபுக்களின் குறிகள் இன்றும் காணப்படுகின்றன. ஒருவர் கொணர்ந்த கல்லை மற்றவர் எடுத்துக்கொள்ளாமைப் பொருட்டு இட்டவை என்று கருதலாம்.

1600-இல் செக்கிகஹாராப் போரில் டோக்குகாவா இயெயாசு வெற்றி பெற்றபின் நாடெங்கும் கோட்டைகள் எழுந்தன. அவற்றுள் முழுமை கெடாது எஞ்சியிருப்பதில் முதலிடம் பெறுவது ஹிமெஜி. 14-ஆம் நூற்றாண்டில் அக்கமாட்சு குலத்தார் அக்குன்றில் அரண் அமைத்தனர் என்பது மரபு. 1580-இல் ஹிடெயோஷி அங்கே மூன்றடுக்குக் கோபுரம் கட்டினார். இயெயாசுவின் மருமகனான இகெடா டெருமாசா 1601 முதல் 1609 வரை இன்றுள்ள வடிவில் அதனை எடுப்பித்தார். வெளியே ஐந்தடுக்காகத் தோன்றும் பெருங்கோபுரம் உள்ளே ஆறு தளங்களும் ஒரு நிலவறையும் உடையது. மூன்று சிறுகோபுரங்கள் அதனுடன் இணைந்து நடுமுற்றத்தைச் சூழ்கின்றன. மரச்சட்டங்கள் வெளித்தெரியாமல் பூசிய வெண்சாந்து தீயைத் தடுப்பதற்கானது. சுண்ணாம்புடன் சணல்நாரும் கடற்பாசிப் பசையும் கலந்து குழைத்தது. அவ்வெண்மையால் வெண்கொக்குக் கோட்டை என்ற பெயரும் வழங்குகின்றது.

ஹிமெஜியின் உண்மையான அரண் அதன் வழியே எனலாம். வாயில்கள் ஜப்பானிய நெடுங்கணக்கின் பழைய முறைப்படி இ, ரோ, ஹா, நி என எழுத்துப் பெயர் பெற்றவை. கோபுரம் கண்ணெதிரே நிற்க, வழியோ அதைவிட்டு விலகிச் சென்று திரும்புகின்றது. ஏறிக்கொண்டிருந்த பாதை திடீரென்று இறங்குகின்றது. வாயில் ஒன்று ஒரே ஆள் குனிந்து நுழையுமளவு சுருங்குகின்றது. அவ்வழி நெடுகிலும் சுவர்களில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகத் துப்பாக்கிப் புழைகளும், நின்று அம்பெய்ய நீண்ட புழைகளும் உள. அவசரத்திற் கற்கள் போதாமற் போயின போலும். பழங்காலக் கல்லறைகளின் கற்பேழைகளும் மதிலில் அடுக்கப்பட்டுள்ளன. ஹிடெயோஷி கல்லின்றித் தவிப்பதைக் கேட்ட ஏழைக்கிழவி ஒருத்தி தன் திரிகைக் கல்லை ஈந்தாள் என்று கூறி, கம்பிவலைக்குள் ஒரு சிறு கல்லை இன்றும் காட்டுகின்றனர். அது ஹிடெயோஷி காலத்து மதில்தானா என்பதை ஆராய்வோர் ஐயுறுகின்றனர். காண வருவோர் ஐயுறுவதில்லை. கோபுரம் சற்றே சாய்ந்திருப்பதைத் தன் மனைவியே சுட்டிக்காட்டியதால் தலைமைத் தச்சர் உளியை வாயிற் கவ்வியவாறு உச்சியினின்று குதித்து மாண்டார் என்னும் கர்ணபரம்பரைக் கதைக்கும் ஆதாரமில்லை. சாய்வு மட்டும் மெய். பாரம் தாங்காது தரை அமிழ்ந்ததே அதன் காரணம். இவ்வளவு நுட்பமாக அமைந்த அரண் டெருமாசாவுக்குப் பின் ஒருநாளும் பெரும்போருக்கு உட்பட்டதில்லை.

1615-இல் ஷோகன் அரசு, ஒரு பிரபுவுக்கு ஒரு கோட்டையே இருத்தல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டே வெளியிட்ட போர்வீரர் குலச் சட்டத்தில், புதிய கோட்டையைத் தடுத்ததோடு, பழையதைச் செப்பனிடவும் அனுமதி வேண்டும் என்றது. செக்கிகஹாராவில் இயெயாசுவுக்காகப் போரிட்ட ஃபுக்குஷிமா மசனோரி, வெள்ளத்தால் பழுதுற்ற ஹிரோஷிமாக் கோட்டையை முறையான அனுமதியின்றிச் செப்பனிட்ட குற்றத்துக்காக 1619-இல் தம் நாட்டையே இழந்தார். யுத்தகளத்தில் விழாத கோட்டைகள் பல ஒரு காகிதத்தால் இடிக்கப்பட்டன. 1657-இல் ஷோகனின் தலைநகரான எடோவை எரித்த பெருந்தீயில் ஷோகனின் கோபுரமே அழிந்தபோது, நகரைச் சீராக்குவதே முதற்கடமை என்று ஷோகனின் ஆலோசகர் ஹொஷினா மசயுக்கி கூறியபடி அது மீண்டும் கட்டப்படவில்லை. எஞ்சிய இரு நூற்றாண்டுகளில் கோட்டைகள் நிர்வாக அலுவலகங்களாக இருந்தன என்பதன்றிக் குறிப்பிடத்தக்கது அதிகமில்லை.

ஷோகன் ஆட்சி வீழ, சக்கரவர்த்தியின் மெய்ஜி ஆட்சி 1868-இல் தோன்றியது. 1873-இல் இராணுவத்துக்கு வேண்டாத கோட்டைகளை விற்றுவிடும் ஆணை பிறந்தது. ஹிமெஜி 23 யென் 50 சென்னுக்கு ஏலம் போயிற்று என்றும், இடிக்கும் செலவுக்கு அஞ்சி வாங்கியவர் கைவிட்டார் என்றும் கூறுவர். நாகமுரா ஷிகெட்டோ என்னும் இராணுவ அதிகாரியின் முறையீட்டால் 1878-க்குப் பின் அது காப்பாற்றப்பட்டது. இதற்கிடையே 1877-இல் சைகோ டக்கமோரியின் தலைமையில் கலகம் செய்த சாமுராய்கள் குமமோட்டோவை முற்றுகையிட்டனர். சண்டை தொடங்குமுன்னரே கோபுரம் எரிந்துபோயிற்று. அது விபத்தோ, காவலரே வைத்த தீயோ, துணிபு இல்லை. ஆயினும் ஏறக்குறைய ஐம்பது நாள் மதில் நின்றது. சாமுராய்க்கென எழுந்த கோட்டையைச் சாமுராய்களிடமிருந்து காத்தவருட் பெரும்பாலோர் கட்டாயப் படைச்சேர்க்கையில் வந்த குடியானவர் மக்கள் என்பது இச்சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

ஓசாக்காவில் 1931-இல் நகரத்தார் நன்கொடையால் காங்கிரீட் கோபுரம் எழுந்தது. திரட்டிய தொகையிற் பாதிக்கு மேல் இராணுவத் தலைமையகக் கட்டடத்துக்கே சென்றது. 1945-ஆம் ஆண்டின் விமானத் தாக்குதல்களில் நகோயா, ஹிரோஷிமா முதலிய கோபுரங்கள் அழிந்தன. கரிய கயிற்று வலையால் மூடி மறைக்கப்பட்டிருந்த ஹிமெஜியின் உச்சித்தளத்தில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. 1956 முதல் 1964 வரை அக்கோபுரம் முழுவதும் பிரித்து அடுக்கப்பட்டது. நிலவறை முதல் உச்சித்தளத்தின் அடி வரை செல்லும் பெருந்தூண்கள் இரண்டு. அவற்றுள் மேற்குத் தூண் உளுத்திருந்தமையால் கிசோ மலையில் மரம் வெட்டினர். கொண்டுவரும் வழியில் அது முறிந்தது. கசகட்டா ஆலயத்து மரமொன்றை அதனுடன் பொருத்தி நிறுத்தினர். பொருத்தை மூன்றாம் தளத்திற் காணலாம்.

பழைய கோபுரங்கள் இன்று எஞ்சியவை பன்னிரண்டு. அவற்றுள் ஹிமெஜி, மாட்சுமோட்டோ, இனுயாமா, ஹிக்கோனே, மாட்சுவே ஆகிய ஐந்தும் தேசியப் பொக்கிஷங்கள். எது மூத்தது என்பதில் ஊர்களுக்கிடையே போட்டி உண்டு. 1576-இல் எழுந்ததாக நெடுங்காலம் கருதப்பட்ட மருவோக்காவின் மரங்கள் 17-ஆம் நூற்றாண்டினவென அண்மைய ஆய்வு காட்டுகின்றது. இனுயாமாவின் மரங்கள் 1580-களில் வெட்டப்பட்டவை என்பர். மாட்சுவேயின் ஆண்டு 1611 என்பதைக் காணாமற் போயிருந்த பிரார்த்தனைப் பலகைகள் அகப்பட்டு உறுதிசெய்தன.

ஹிமெஜி 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஹிரோசாக்கிக் கோபுரம் அடிமதில் செப்பனிடப்படுவதற்காக 2015-இல் பெயர்த்து நகர்த்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் நில நடுக்கத்தில் குமமோட்டோவின் மதில்கள் பல சரிந்தன. பிற்காலத்தில் மீண்டும் கட்டப்பெற்றிருந்த அதன் கோபுரம் 2021-இல் மறுபடி திறக்கப்பட்டது. மதில் வேலை தொடர்கின்றது. நகோயாவின் 1959-ஆம் ஆண்டுக் காங்கிரீட் கோபுரம் நில நடுக்கத்தைத் தாங்காது எனக் கருதி 2018-இல் மூடப்பட்டது. அதனைப் பழையபடி மரத்தாலேயே கட்டும் திட்டம், நடக்கவியலாதோர்க்கு மின்தூக்கி அமைப்பதா வேண்டாவா என்னும் வாதத்தால் தாமதமுற்றது.