குடும்ப முகாமும் மரத்தின் வேரும்

காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களுக்கும் படைவீரர்களுக்கும் தொழிலோடு வந்த சிரமம். அமெரிக்காவில் அது பொழுதுபோக்காகப் பரவியதில் ஒரு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. பாஸ்டன் நகரப் பாதிரியார் வில்லியம் மர்ரே, நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைக்காடுகளைப் பற்றி 1869-இல் அதை வெளியிட்டார். எப்படிப் போவது, எதை எடுத்துச் செல்வது, பெண்கள் என்ன உடுத்துவது என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்தக் கோடையிலேயே நகரத்தார் திரண்டு போய், மழையிலும் ஈக்கடியிலும் அவதிப்பட்டனர். 'மர்ரேயின் முட்டாள்கள்' என்ற கேலிப்பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது.

ரயில், படகு, வழிகாட்டிக்கான கூலி என்று செலவு மிகுந்ததால் வசதி படைத்தவர்களே அப்போது முகாமுக்குப் போக முடிந்தது. 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. கூடாரம், பாத்திரம், பிள்ளைகள் எல்லாம் ஒரே வண்டியில் அடங்கின. 1920-களின் தொடக்கத்தில், பயணிகள் வந்தால் கடைத்தெருவில் வியாபாரம் நடக்கும் என்று பல ஊர்கள் இலவச முகாம் திடல்களைத் திறந்தன. வந்தவர்களில் சிலர் கிளம்பாமல் தங்கிவிடவே, பின்னர் கட்டணம் வைத்தன.

காடுகளில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. கார்கள் நினைத்த இடத்தில் ஏறி நின்றதால் மண் இறுகி, மரங்களின் வேர்கள் நலிந்தன. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளில் இந்தச் சேதத்தை ஆராய்ந்த தாவர நோயியலாளர் எமிலியோ மைனெக்கே, 1932-இல் ஒரு தீர்வை முன்வைத்தார். ஒருவழிப் பாதை வளைந்து செல்லும். அதை ஒட்டி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நிறுத்த ஓர் ஒதுக்கிடம், நிலையான மேசை, அடுப்பு, கூடாரத்துக்குத் தனி இடம் இருக்கும். வண்டி தாண்டாதபடி பாறைகளும் மரக்கட்டைகளும் தடுக்கும். 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு வேலையற்ற இளைஞர்களுக்காக அமைத்த இயற்கைவளப் பாதுகாப்புப் படை இத்தகைய திடல்களை நாடெங்கும் கட்டியது.

1962-இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் பயணிகளை நம்பித் தனியார் திடல் ஒன்று தொடங்கியது. ஓர் இரவுக்கு 1.75 டாலருக்கு மேசையும் வெந்நீர்க் குளியலும் கிடைத்தன. பின்னர் பல கிளைகளாக விரிந்த கேஓஏ நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. இன்று இணையத்தில் எண் பார்த்து முன்பதிவு செய்யப்படும் முகாம் இடங்கள் பெரும்பாலும் மைனெக்கேயின் வரைபடத்தையே பின்பற்றுகின்றன.