சிறுநீர்க்குழாய் உடனொளிர்வுப் படிமம்

கருப்பை, சூலகம், இடுப்புக்குழி ஆகிய இடங்களில் அறுவை செய்யும்போது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இரு குழாய்களையும் சாயத்தால் ஒளிரச் செய்து, கத்தியும் தையலும் மின்சூடும் படாமல் காக்கும் முறை. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரைச் சாயத்தின் மீது பாய்ச்சினால் அது சற்றே நீண்ட அலைநீளத்தில் ஒளியை உமிழும். அந்த ஒளியைத் தனிக் கேமரா பிடித்துத் திரையில் காட்டும். மகளிர் அறுவையில் இது 2010க்குப் பின்னர் பரவியது.

சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளமும் சில மி.மீ. தடிமனும் உள்ளது. கருப்பைவாய்க்கு ஏறக்குறைய 2 செ.மீ. பக்கவாட்டில், கருப்பைத் தமனிக்கு அடியில் அது செல்கிறது. 'பாலத்தின் அடியில் ஓடும் தண்ணீர்' என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த இடத்தைத்தான். கருப்பையை எடுக்க வேண்டுமானால் அந்தத் தமனியைக் கட்டியாக வேண்டும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத் திசு வெளியே வளர்தல்), பெரிய கட்டிகள், முந்தைய அறுவையின் ஒட்டல்கள் இருந்தால் குழாய் தன் இடத்திலிருந்து விலகியும் போகும். காயம் பட்டது அறுவை மேசையிலேயே தெரிந்துவிட்டால் சரிசெய்ய முடியும். பெரும்பாலும் அப்போது தெரிவதில்லை. சில நாட்கள் கழித்துக் காய்ச்சல், விலாவலி, யோனி வழியே ஓயாத சிறுநீர்க் கசிவு என்று வெளிப்படும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

இத்தகைய காயத்தின் கொடுமைக்கு அறுவை மருத்துவ வரலாறே சாட்சி. ஹைடல்பெர்க் நகரில் 1869இல் குஸ்தாவ் சீமோன், திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை முதன்முதலாக அகற்றினார். முந்தைய வயிற்று அறுவையில் குழாய் சேதமடைந்து, தீராத சிறுநீர்க் கசிவால் அவதிப்பட்ட பெண்ணுக்கு அவரால் தர முடிந்த விடுதலை அதுதான். 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம், கருப்பைவாய்ப் புற்றுக்கான விரிவான அறுவையைத் தொடங்கியபோது, சிறுநீர்க்குழாயைப் பிரித்தெடுத்துக் கண்ணால் பார்ப்பதே அந்த அறுவையின் முதன்மைப் பணியாயிற்று. குழாய்க்குள் முன்கூட்டியே கதீட்டர் எனும் மெல்லிய குழலைச் செருகி, அதை விரலால் தொட்டுணரும் வழக்கமும் அக்காலத்தில் வந்தது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியும் ரோபோ அறுவையும் வந்தபின் தொட்டுணரும் வாய்ப்பு குறைந்தது அல்லது அறவே இல்லாமல் போனது. அதற்கு ஈடாகத்தான் குழாய்க்குள் செருகும் ஒளிவிடும் ஸ்டென்ட்டுகள் வந்தன.

சாயத்தின் கதை 1903இல் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஃபோல்க்கர், யோசஃப் என்ற மருத்துவர்கள் இண்டிகோ கார்மைன் சாயத்தை ஊசியாகச் செலுத்தி, சிறுநீர்ப்பைக்குள் இருபுறத்துத் துளைகளிலிருந்தும் நீலநீர் பீறிடுவதைச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் வழியே கண்டனர். குழாய் அடைபடவில்லை என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் வெட்டும் முன் குழாய் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது.

இன்று மிகுதியாகப் பயன்படும் இந்தோசயனின் கிரீன், 1950களில் கோடாக் நிறுவன ஆய்வகத்தில் உருவானது. 1959இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயம், கல்லீரல் ஆகியவற்றின் செயல்திறனை அளக்கவும் பின்னர் விழித்திரை நாளங்களைப் பார்க்கவும் அது பயன்பட்டது. 2011இல் டா வின்சி அறுவை ரோபோவின் ஃபயர்ஃப்ளை கேமராவுக்கு அனுமதி கிடைத்தபின் அறுவை அரங்குக்குள் அதன் பயன் விரிந்தது. சிறுநீர்க்குழாயைப் பொறுத்தவரை ஒரு தடை இருந்தது: இச்சாயம் கல்லீரல் வழியே பித்தநீரில்தான் வெளியேறும், சிறுநீரில் வராது. சிரையில் ஏற்றினால் குழாய் ஒளிராது. எனவே சிஸ்டோஸ்கோப் மூலம் கீழிருந்து கதீட்டர் நுழைத்து, சாயத்தை நேரடியாகக் குழாய்க்குள் விட்டார்கள். மகளிர் ரோபோ அறுவையில் இதைக் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா மருத்துவர்கள் 2014இல் விவரித்தனர். 25 மி.கி. சாயத்தை 10 மி.லி. நீரில் கரைத்து இருபுறமும் பகிர்ந்து செலுத்துவது வழக்கம். குழாயின் உட்சுவரில் உள்ள புரதங்களோடு சாயம் ஒட்டிக்கொள்வதால் அறுவை நெடுநேரம் நீண்டாலும் ஒளி மங்குவதில்லை. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களிடம் எச்சரிக்கை தேவை.

சிரையில் ஏற்றினாலே சிறுநீரில் வந்து ஒளிரும் சாயத்துக்கான தேடலும் கூடவே நடந்தது. மெத்திலீன் நீலம் அத்தகையது. நெதர்லாந்தின் லைடன் குழு 2013இல் அதை மனிதர்களில் சோதித்து வெளியிட்டது. கதீட்டர் தேவையில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் ஒளி வலுவற்றது, குழாய் சுருங்கி விரியும்போது விட்டுவிட்டே தெரியும். சில மனச்சோர்வு மருந்துகள் உட்கொள்வோருக்கும் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளோருக்கும் அச்சாயம் ஆகாது. சிறுநீரகம் மட்டுமே வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்ட இசட்டபிள்யூ800-1 சாயத்தின் மனிதச் சோதனை முடிவுகளை அதே லைடன் குழுவினர் 2019இல் வெளியிட்டனர். இந்தத் துறை போக வேண்டிய திசை இதுவே எனலாம்; கதீட்டர் செருகுவதற்கான கூடுதல் நேரமும் அதனால் வரும் சிறு காயங்களும் இல்லாமல், எல்லா நோயாளிகளுக்கும் இதைச் செய்யும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

எந்தச் சாயமானாலும் ஒரு வரம்பு உண்டு: அண்மை அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மி.மீ. ஆழமே தெளிவாக ஊடுருவும். கொழுப்போ தழும்போ தடித்துக் கிடக்கும் இடத்தில், அதாவது உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில், ஒளி மங்குகிறது. குழாயை ஒளிரச் செய்யாவிட்டாலும், இந்தோசயனின் கிரீனைச் சிரையில் ஏற்றும்போதும் வேறொரு பயன் உண்டு: சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்தெடுத்த குழாயின் சுவருக்கு இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டம் இல்லாத பகுதி பின்னாளில் அழுகி ஓட்டை விழலாம் என்பதால், எண்டோமெட்ரியோசிஸ் அறுவைகளில் ஸ்டென்ட் வைப்பதா, அப்பகுதியை நீக்கி இணைப்பதா என்ற முடிவுக்கு இந்தப் படம் துணையாகிறது.