செப்புத் தகடும் சரித்திரச் சான்றும்

அழிந்தொழிந்த கட்டடம் ஒன்றின் தோற்றத்தை நாம் எவ்வாறு அறிதல் கூடும்? சாசனம் அதன் பெயரைக் கூறும். இலக்கியம் அதன் பெருமையைப் பாடும். உருவத்தைக் காட்டவல்லது சித்திரமே. ஐரோப்பாவில் அச்சித்திரத்தைப் பலர் கைக்கும் எட்டச் செய்தது செப்புத் தகட்டுச் சித்திரக்கலை.

அக்கலையிற் பெரும்புகழ் பெற்றவர் இத்தாலியரான ஜியோவன்னி பத்திஸ்தா பிரானேசி (1720–1778). உரோம் நகரக் காட்சிகளை அவர் 135 தகடுகளில் தீட்டினார்; 1756 இல் அந்நகரத் தொல்பொருள்களை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இடின், கீறிய கோடுகள் குழியும். அக்குழிகளில் மை நிரப்பித் தாளை அழுத்தப் படம் பதியும். அவர் மறைந்தபின் மைந்தர் அத்தகடுகளைப் பாரிசுக்குக் கொண்டுசென்று மீண்டும் பதிப்பித்தனர்.

எனினும், படம் முழுச்சான்றாகாது. மனித உருவங்களைச் சிறிதாக்கி இடிபாடுகளைப் பெரிதாகக் காட்டுதல் பிரானேசியின் வழக்கம். கரக்கல்லாவின் நீராட்டு மண்டபத்தை நேரிற் கண்ட கவிஞர் கேத்தே, அப்படங்கள் எழுப்பிய எண்ணத்துக்கு அது ஈடாகவில்லை என்று எழுதினார். 1750 அளவில் 14 தகடுகளாக வெளிவந்த அவருடைய 'சிறைச்சாலைகள்' 1761 இல் 16 ஆகி, இருளும் செறிந்து வந்தது. ஆதலின், 'எந்தப் பதிப்பு?' என்பதே மாணவன் கேட்கவேண்டிய முதல் வினா.

இவ்விதி நம் நாட்டுப் படங்களுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயஸ் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலிலே திருமாலின் அவதாரங்களும் செப்புத் தகட்டுப் படங்களாயுள்ளன. ஆனால் அவற்றிற் காண்பது ஐரோப்பிய உடலமைப்பே.

திருக்கோணேச்சரத்துக்கோ அத்தகைய படமும் வாய்க்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா அதனை இடித்தான். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. அதன் மண்டபங்களை ஒவ்வொன்றாகத் தீட்டிய தொகுதி எதுவும் நம்மிடம் இல்லை. எஞ்சியவை கோட்டை வாயிலிலுள்ள மீனுருவமும் சாசனமும், 1950 இல் நிலத்தினின்று வெளிப்பட்ட திருமேனிகளும், கடலடியிற் கிடக்கும் கற்களுமே.

மாணவர்களே, 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009 வரை நீடித்த போரும், நிற்பவை என்றும் நிற்பதில்லை என்பதை இத்துறைமுகத்தார்க்கு மீண்டும் உணர்த்தின. உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தையும் பழைய வீட்டையும் இன்றே அளந்து வரையுங்கள். மிகைப்படுத்தாதீர்கள், தாளின் அடியில் ஆண்டையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பின்வருவோர் கையில் அதுவே சான்றாகும்.